எல்லாம் எங்க மேடம் செஞ்சது

எங்கள் பல்கலைக்கழகம் காரைக்குடியை விட்டு தேவகோட்டை போகும் சாலையில், கடைசி வீடுகளும் முடிந்த பிறகு இருக்கிறது. வேலைவாய்ப்பு மையத்தை அதன் ஒரு கோடியில் வைத்தார்கள். அறிவியல் துறைகளை மறு கோடியில் கட்டினார்கள். நடுவில் செம்மண் பொட்டல். அந்தப் பொட்டலைக் கடந்து போவதும் வருவதும்தான் என் உத்தியோகம் என்று சொன்னால் தப்பில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். கல்யாணம், பிள்ளைகள், அவர்கள் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு தொகுப்பூதியத்தில் இந்த வேலை கிடைத்தது. மாணவர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். கம்பெனிக்காரர்கள் வந்தால் டீ, தண்ணீர் பார்ப்பேன். துறைகளுக்குச் சுற்றறிக்கை கொண்டுபோவேன். சுற்றறிக்கை மெயிலிலும் போகும். ஆனால் மெயிலைப் பார்த்தேன் என்று எந்தத் துறைத் தலைவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கையில் கொடுத்து, ஓரமாக நின்று, அவர்கள் படித்து முடித்ததும் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று கேட்டு வர வேண்டும். கேட்பதுதான் எனக்குக் கஷ்டம். உள்ளே போவதற்கு முன் கதவுக்கு வெளியே நின்று, கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

எங்கள் அலுவலகத்துக்கும் துறைகளுக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. ஒரு சலிப்பு. "நாங்க பாடம் நடத்துறதா, கம்பெனிக்கு ஆள் பிடிச்சுக் குடுக்குறதா?" என்பார் ஒருவர். "நீங்க பாட்டுக்குத் தேதி குடுத்துட்டீக. அன்னைக்குப் பிராக்டிகல். யாரைக் கேட்டுக் குடுத்தீக?" என்பார் இன்னொருவர். எங்கள் அதிகாரியிடம் வந்து, "அன்னைக்குப் பிராக்டிகல் இருக்காம் சார்" என்று மட்டும் சொல்வேன். "அவங்களுக்கு என்னைக்குத்தான் பிராக்டிகல் இல்லைங்க?" என்பார் அவர். நான் திரும்பவும் பொட்டலைக் கடந்து போய், "சார் வேற தேதி கேட்டுப் பாக்குறாகளாம்" என்பேன். யாரும் என்னை இப்படிச் சொல்லச் சொன்னதில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னால் மறுநாள் நான்தான் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும்.

அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கம். என்னைவிட இளையவர். முன்பு கம்பெனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அவர் 'ஏனுங்க' என்று ஆரம்பிப்பதை மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அவருக்கும் தெரியும். சட்டை செய்ய மாட்டார். ஆனால் ஒரு கூட்டத்தில் எல்லாத் துறைத் தலைவர்களையும் வைத்துக்கொண்டு, "உங்க பிள்ளைகளுக்கு மார்க் இருக்குதுங்க, வாய்தான் இல்லைங்க" என்று சொல்லிவிட்டார். வேதியியல் பேராசிரியை எழுந்தார். "வாய் வேணும்னா சந்தைக்குப் போய் ஆள் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் நேரில் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதெல்லாம் என் வழியாகத்தான் போகும், வரும்.

பேராசிரியை தேவகோட்டைக்காரர். வயது ஐம்பதுக்கு மேல். கண்டிப்பானவர் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் சாயங்காலம் வரை நின்றால் தன் கைக்காசில் வடையும் டீயும் வாங்கிக் கொடுப்பார். கொடுக்கும்போதும் திட்டிக்கொண்டேதான் கொடுப்பார்.

அவரிடம் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் ஒரு பெண் படித்தாள். கல்லலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், விவசாயக் குடும்பம். எங்கள் அலுவலகத்துக் குடிதண்ணீர் சில்லென்று இருக்கும் என்று பாட்டிலோடு வருவாள். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டாள். ஒரு நாள் நின்றபடியே தன் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். அவள் ஊர்ப் பக்கத்துப் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறாள். பல்லில் கறை விழுவதும் எலும்பு வளைவதும் அதனால்தானாம். பக்கத்துப் பக்கத்துப் போர்களில்கூட அளவு வேறு வேறாக வந்திருக்கிறது. ஏன் என்று புரியாமல், போர் போடும் லாரிக்காரர்களைத் தேடிப் போய் ஒவ்வொரு போரும் எத்தனை அடி என்று இவளே கேட்டிருக்கிறாள்.

"அந்த அண்ணன் என்னைப் பாத்து, 'என்ன பாப்பா, காலேஜ்ல போர் போடவும் சொல்லித் தாராகளா? எங்க பொழப்புல மண்ணைப் போட்டுறாத'ங்குறாருக்கா."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆழம் கூடினால் ஃபுளோரைடும் கூடுகிறது என்பது அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. தண்ணீரையும் உணவுப் பொருளையும் பரிசோதிக்கிற கம்பெனி. வழக்கம்போல வந்தவர்கள் முதலில் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மத்தியானச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். எல்லாம் முடிந்து இண்டர்வியூ நடந்தது. இந்தப் பெண்ணுக்கென்றே வந்த வேலை மாதிரி இருந்தது. ஆனால் எடுக்கவில்லை.

அதிகாரி போன் போட்டுக் காரணம் கேட்டார். பேசி முடித்ததும் போனை மேசையில் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"என்ன கேட்டாலும் 'எங்க மேடம் சொன்னாங்க, எங்க மேடம் யோசனை, எல்லாம் எங்க மேடம் செஞ்சது'ன்னே சொல்லியிருக்குதுங்க அக்கா. 'அப்ப அந்த மேடத்தையே அனுப்பி வைங்க சார், எடுத்துக்கறோம்'னு சிரிக்கறாங்க."

"அடி எத்தனைன்னு கேட்டது அந்தப் பொண்ணுதான் சார். என்கிட்டச் சொல்லுச்சு."

"தெரியுமுங்க. அதை அங்க சொல்லோணுமில்லைங்க."

அவர் விடவில்லை. ஒரு இடம் இன்னும் நிரம்பவில்லை என்று தெரிந்ததும் கெஞ்சிக் கேட்டு, அடுத்த வாரம் வீடியோவில் இன்னொரு தடவை அவளிடம் பேசச் சம்மதிக்க வைத்தார். அதற்குள் ஒரு பயிற்சி வைக்க வேண்டும், அதில் பேராசிரியையும் உட்கார வேண்டும் என்றார். ஆய்வைப் பற்றிச் சரியான கேள்வி அவருக்குத்தான் கேட்கத் தெரியும். அது நியாயம்தான். யார் போய்க் கூப்பிடுவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"என்னம்மா, உங்க சார் ஓலை குடுத்துவிட்டாரா?" என்றார் பேராசிரியை, கண்ணாடிக் குழாயைப் பார்த்தபடியே.

"ஓலை இல்ல மேடம். நம்ம பொண்ணுக்கு இண்டர்வியூப் பழக்கணுமாம். நீங்க வந்தா நல்லாருக்கும்னு சொன்னாக."

"அவருக்குக் கால் இல்லையா? இங்குட்டு வந்து சொல்லக் கூடாதா?"

"வெயிலு மேடம்."

"அப்ப உங்களுக்கு மட்டும் வெயில் அடிக்கலையாக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு, "வாரேன்னு சொல்லுங்க. அந்தப் புள்ளைக்காக வாரேன்" என்றார்.

மறுநாள் வந்தார். அதிகாரியும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மேசைக்கு ஒரே பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் உள்ளே வந்து, பேராசிரியையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உக்காருங்க" என்றார் அதிகாரி.

"இருக்கட்டும் சார்."

"இண்டர்வியூல நின்னுக்கிட்டேவா பேசுவீங்க? உக்காருங்க."

அவள் பேராசிரியையைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்த பிறகுதான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பெயர், ஊர், படிப்பு எல்லாம் நன்றாகவே சொன்னாள். பிறகு அதிகாரி, போர்களின் ஆழத்தை விசாரிக்கலாம் என்பது யாருடைய யோசனை என்று கேட்டார்.

"எங்க மேடம் யோசனை சார்."

அதிகாரி பேராசிரியையைப் பார்த்தார். நானும் டீத் தட்டோடு நின்றபடி பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. முகத்தில் ஒரு சின்ன நிறைவுகூடத் தெரிந்தது. தன் பிள்ளை அடக்கமாக வளர்ந்திருக்கிறது என்கிற நிறைவு. அதைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் பெரியவர்களை முன்னால் வைத்துக்கொண்டு 'நான் செய்தேன்' என்று சொல்கிற பிள்ளையை யாரும் நல்ல பிள்ளை என்று சொல்ல மாட்டார்கள். என் பிள்ளைகளையும் நான் அப்படித்தான் வளர்த்தேன்.

எழுந்து போகும்போது பேராசிரியை என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவ எப்படியும் என்கிட்டதான் பிஎச்டி பண்ணப் போறா. நீங்க கூப்பிட்டுவிட்டதுக்காக வந்தேன்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம், "எனக்குப் போகணும்க்கா" என்றாள்.

"எங்க?"

"சென்னைக்கு. அந்த வேலைக்கு. வீட்ல அப்பா, வேலை கிடைச்சாப் போ, இல்லாட்டி மேடம்கிட்டயே படின்னு சொல்லிட்டாக. மேடம்கிட்ட படிக்க மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? எனக்கு எல்லாம் கத்துக் குடுத்தது அவுகதான். ஆனா இன்னும் அஞ்சு வருஷம் இங்கயேன்னா... எனக்கு முடியாதுக்கா."

"அப்ப அங்க கேக்கும்போது நான் செஞ்சேன்னு சொல்லேன்."

"வாய் வர மாட்டேங்குதுக்கா. மேடமே யார்கிட்டச் சொன்னாலும் நாம செஞ்சோம்னுதான் சொல்லுவாக. அதுல போயி நான்னு சொன்னா, அவுகளைத் தள்ளிட்டு நான் முன்னாடி போயி நின்ன மாதிரி இருக்காதா?"

பஸ் வந்தது. ஏறும்போது, "மேடம்கிட்டச் சொல்லிறாதீகக்கா" என்றாள்.

எனக்கு ராத்திரிச் சமையலில் மனம் ஓடவில்லை. இது என் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வருஷத்துக்கு எத்தனையோ பிள்ளைகள் வருகிறார்கள், போகிறார்கள். வேலை கிடைத்தவர்களைப் பற்றி நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், கிடைக்காதவர்கள் வந்து வாசலில் நிற்பார்கள். எல்லாரையும் மனதில் வைத்துக்கொண்டால் உடம்பு தாங்காது.

மறுநாள் காலையில் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "நான் போய்ச் சொன்னா அந்தம்மா கோவிச்சுக்குவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன் அக்கா. அவங்க ஒத்துக்கிட்டாத்தான் அந்தப் புள்ளை பேசும்."

"நான் என்ன சார் சொல்லுவேன்?"

"எப்பவும் ஏதோ சொல்லித்தானுங்க சமாளிக்கறீங்க" என்றார். அது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

போனேன். கதவுக்கு வெளியே நின்று சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் சரியாக வரவில்லை. உள்ளேயிருந்து அவரே, "யாரு அங்குட்டு நிக்கிறது? உள்ள வாங்க" என்றார்.

"நேத்துப் பொண்ணு விஷயமா மேடம்..."

"ம்."

"நீங்க பக்கத்துல இருந்தா அதுக்கு வாய் வரல மேடம்."

அவர் பேனாவை வைத்தார். "நான் கடிச்சு முழுங்கிருவேனா?"

"பயம் இல்ல மேடம். மரியாதைதான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"போகணும்னு நினைக்கிறாளா?"

நான் தரையைப் பார்த்தேன். சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட பெண்ணின் முகமும், பதிலுக்குக் காத்திருக்கிற இவர் முகமும் என்னை அந்த இடத்தில் நிற்க விடவில்லை. போகவும் விடவில்லை.

"சரி. நீங்க ஒண்ணும் சொல்லலை" என்றார் பேராசிரியை. பிறகு ஆய்வுக்கூடப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்து அந்தப் பெண்ணை வரச் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"போர் எத்தனை அடின்னு கேக்கச் சொன்னது யாரு?"

"நீங்கதான் மேடம்."

"நானா? அப்ப நான் ஊர்லயே இல்ல. எங்க அக்கா மக கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா நீ பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்க. 'இதெல்லாம் எதுக்குடி, தண்ணிய மட்டும் பாரு'ன்னு உன்னைத் திட்டுனேன். திட்டுனேனா இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"கேக்குறேன்ல?"

"திட்டுனீக மேடம்."

"அப்புறம் யாரு யோசனை அது?"

அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கண்ணில் நீர் கட்டியது. பேராசிரியைக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மேசை மேல் இருந்த காகிதங்களைத் தட்டி அடுக்கினார்.

"இங்க பாரு. அவுக கேக்கும்போது நான் கேட்டேன், நான் பாத்தேன், நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லணும். நான் சொல்றேன். நான் சொன்னாச் செய்வேல்ல?"

"செய்வேன் மேடம்."

"அப்ப இதையும் செய்யி. போ, சேத்து வச்ச பாட்டிலெல்லாம் கழுவாமக் கெடக்கு."

இண்டர்வியூ எங்கள் அலுவலகத்தில்தான் நடந்தது. நெட் அங்கேதான் நிற்காமல் வரும். அதிகாரி உள்ளே, காமிராவில் படாத மூலையில் இருந்தார். பேராசிரியை பொட்டலைக் கடந்து தானாக வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. "நான் இருந்தா அவ என் மூஞ்சியத்தான் பாப்பா" என்று சொல்லி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். நான் நின்றேன். "உக்காருங்க, உங்களை யாரு இண்டர்வியூ எடுக்குறா?" என்றார். பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தேன்.

கதவு சாத்தியிருந்தது. அவள் குரல் முதலில் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. பிறகு கொஞ்சம் ஏறியது. இங்கிலீஷில் பேசினாள். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியாது. ஐ, ஐ என்று அடிக்கடி வருவது மட்டும் காதில் விழுந்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும் பேராசிரியை மடியில் இருந்த கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"சரியாச் சொல்லுதா மேடம்?"

"சொல்றா சொல்றா." கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஒரு ஐ சொல்லுடின்னா, வரிக்கு வரி ஐ போடுறா. பாட்டில் கழுவுனதைக்கூட விட மாட்டா போல" என்றார்.

இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் அவர் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று அப்போதுதான் கவனித்தேன்.

கதவைத் திறந்துகொண்டு அவள் வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. "நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன் மேடம்" என்றாள். பேராசிரியை எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, "சரி, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சில நாளில் பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி அன்றைக்குத் தானே பொட்டலைக் கடந்து போய்ப் பேராசிரியையிடம் சொல்லிவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, "ஏனுங்க அக்கா, இந்த வெயில்ல தினமும் எப்படித்தான் போறீங்க?" என்றார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பழையபடி நான்தான் போகிறேன்.

அவள் பரீட்சை முடிந்து சென்னைக்குப் போய்விட்டாள். ஒரு தடவை போன் செய்தாள். ஹாஸ்டல் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை, சோதித்துப் பார்க்கப் போகிறேன் என்றாள். குரல் உரக்க இருந்தது. வேலை நேரம் என்று சீக்கிரம் வைத்துவிட்டாள்.

லீவு முடிந்து திறந்ததும், புது வருஷத்துச் சுற்றறிக்கையைக் கொண்டுபோனேன். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியை மட்டும் இருந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு, ஊர்களிலிருந்து வந்த தண்ணீர்ப் பாட்டில்களில் ஒவ்வொன்றாகத் துண்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். சென்னைக்குப் போன பெண் செய்துவந்த வேலை அது. இரண்டு சீட்டு கோணலாக ஒட்டியிருந்தது.

"அதை அங்குட்டு வைங்க. யாரு வாராக இந்தத் தடவை?"

"போன வருஷம் வந்த கம்பெனியும் வருது மேடம். பிள்ளைக பேரு கேக்குறாக."

அவர் கையிலிருந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இப்பக் கடைசி வருஷத்துக்கு வந்திருக்குற ஒருத்தி நல்லாக் கை வச்சு வேலை செய்யிறா. இப்பத்தான் ஒரு வழிக்குக் கொண்டு வந்திருக்கேன்" என்றார். நான் சுற்றறிக்கையை மேசை ஓரத்தில் வைத்தேன்.

"அவ பேரையும் குடுக்கணுமா?"

"குடுத்தா நல்லது மேடம்."

அவர் இன்னொரு சீட்டை எடுத்து ஒட்டினார். விரலால் தேய்த்துவிட்டார். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.

"நாளைக்கு வாங்க" என்றார்.

சரி மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெயில் ஏறியிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.